ஹெந்தளைக்கு வந்த பெரியவர்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வீதியிலே களனி கங்கைப் பாலத்தைக் கடந்து, வத்தளையை அடுத்துள்ள ஹெந்தளைச் சந்தியில் மேற்கே திரும்பினால் காற்றின் மணமே மாறிவிடும். பெற்றோல் புகை பின்தங்க, உப்புக் காற்று எதிர்வந்து முகத்தில் படும். பழைய கால்வாயைத் தாண்டினாற் கடல். தெற்கே களனி கங்கை கடலோடு கலக்கும் இடம். அதற்கு அப்பால் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை. வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம். காலின் கீழே எங்கும் மணல்.

இது பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வந்தவர்களின் ஊர். ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் இங்கே தொழுநோயாளருக்கென ஒரு மருத்துவமனையைக் கட்டி முடித்தனர். பிற்காலத்தில், 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நோயுற்றோர் விரும்பினும் விரும்பாவிடினும் இவ்விதமான இடங்களுக்குக் கொணரப்பட்டனர். மருந்து கண்டு நோய் நீங்கிய பின்னரும், போக ஒரு வீடு இல்லாமலோ, போக மனம் இல்லாமலோ இங்கேயே முதுமை எய்தியோர் உண்டு. தமிழர் குடும்பங்கள் பல கொட்டாஞ்சேனை நெருக்கத்திலிருந்து இப்பக்கம் பெயர்ந்தன. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே, இவ்வூரில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிந்து போயிற்று. அதனாற் போனவர்களும் உண்டு; போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு.

நாமும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்களே. வந்த புதிதில் எம் பாட்டியார் இரவிலே உறங்கமாட்டார். "கோயில் மணி கேட்கவில்லையே" என்பார். தூரம் மூன்று நான்கு மைல்தான். ஆயினும் முதியவர்க்கு அது மூன்று நான்கு மைலன்று. இதனை நாம் இங்கே கூறுவதற்குக் காரணம், சென்ற தை மாதத்தில் எம் அயல்வீட்டுக்குக் குடிவந்த ஒரு குதிரை.

அயல்வீட்டு அம்மையாரின் தந்தையார் நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றில் நெடுங்காலம் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியார் காலமான பின்பு, தனியே இருக்கவேண்டாம் என்று மகள் அழைத்தார். கிளாக்கர் ஐயா ஒரு நிபந்தனை மட்டுமே கூறினார்: "நான் வந்தாற் பெரியவரும் வருவார்."

பெரியவர் என்பது குதிரையின் பெயர். இளமையில் நுவரெலியாப் பந்தயத்தில் ஓடிப் பின்னர் கிரகரி வாவிக்கரையிலே குழந்தைகளைச் சுமந்து நடந்த குதிரை அது. 12 ஆண்டுகளுக்கு முன் ஐயா அதனை விலைக்கு வாங்கினார். இப்போது வயது 24. மனிதக் கணக்கிலே எழுபதைத் தாண்டிய கிழம் என்று கொள்ளலாம்.

கேட்டவர் எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்? "யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாமே, ஐயா" என்று தொலைபேசியிலே சொன்னோம்.

"கொடுக்கலாம், தம்பி. வாங்குகிறவன் வேலை வாங்குவான். வேலை செய்யமுடியாத நாளிலே தெருவில் விடுவான். அந்தத் தெருவை நீங்களும் பார்த்திருப்பீர்களே" என்றார் அவர்.

பார்த்திருந்தோம். சித்திரை மாதப் பந்தயக் காலத்திலே நுவரெலியா செல்வோர் குதிரைகளின் மினுமினுப்பைக் கண்டு களிக்கின்றனர். அப்பருவம் கழிந்த பின்னர், சந்தையோரக் குப்பையிலே பொலித்தீன் பையைக் கடித்துக்கொண்டு நிற்கும் எலும்புக் குதிரைகளைக் காண்பவர் சிலரே.

பயன் தீர்ந்த குதிரையை என் செய்வது என்பது புதிய கேள்வியன்று. முதலாம் உலகப் போருக்கு அவுஸ்திரேலியா 1,30,000க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து அனுப்பியது. 1914ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டுப் படைக்கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து தங்கிச் சென்றன. அவற்றுள் தாயகம் திரும்பியது ஒரேயொரு குதிரை. ஜெனரல் பிரிட்ஜஸ் என்பாரின் சாண்டி. அவர் கல்லிப்போலியிலே காயமுற்று 1915இல் இறந்தார். அவர் குதிரை 1918இல் மெல்பேர்ண் சேர்ந்தது. போரின் முடிவில் எஞ்சியவற்றில் முதியன பல சுடப்பட்டன, மற்றவை பல விற்கப்பட்டன. 1930ஆம் ஆண்டிலே கெய்ரோ நகருக்குச் சென்ற டோரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி, படையிலிருந்து விற்கப்பட்ட கிழக்குதிரைகள் அத்தெருக்களிலே பாரம் இழுப்பதைக் கண்டு மனம் பொறாது, பத்திரிகைக்கு எழுதிப் பணம் திரட்டி, ஏறக்குறைய 5,000 குதிரைகளை மீட்டார். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அவர் அளிக்கக்கூடியதாக இருந்தது சில நாள் ஓய்வும் வலியற்ற முடிவுமே. அவர் 1934இல் நிறுவிய மருத்துவமனை பின்னர் பெரிய அறநிலையமாக வளர்ந்தது.

இச்செய்திகளை எமக்குக் கூறியவன், ஐயாவின் பேரன். பேராதனையிலே கால்நடை மருத்துவம் பயில்கிறவன். தாத்தாவின் பக்கம் நின்றவன் அவன் ஒருவனே. ஆனால் அவனும் ஒன்றை ஒளிக்காமற் சொன்னான்: "பெரியவர் வழியிலே இறந்தாலும் இறக்கலாம், தாத்தா. வந்து சேர்ந்த பின்னும் இறக்கலாம். அங்கேயே இருந்தால் இன்னும் ஐந்து வருடம் இருப்பார் என்றும் சொல்ல முடியாது." ஐயா நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு லொறிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

ஆயத்தம் ஒரு மாதம் நடந்தது. முதலிற் பல். கிழக்குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்தும் விழுந்தும் போவதால், புல்லை மென்று விழுங்கமாட்டாது உருண்டையாகத் துப்பிவிடும். மிருகவைத்தியர் வந்து கூரான பல் விளிம்புகளை அரத்தால் அராவினார். இனி உணவை ஊறவைத்தே கொடுக்கவேண்டும் என்றார். அடுத்து, லொறியிலே ஏறுகின்ற பழக்கம். நின்றுகொண்டிருந்த லொறியிலே நாள்தோறும் ஏற்றி, அங்கேயே தீனி வைத்து இறக்கினர். வண்டியைக் கண்டதும் மிரளாமல் இருக்க அதுவே வழி. தலைக்கயிற்றைக் குறுகக் கட்டலாகாது என்பது பேரனின் கண்டிப்பான கட்டளை. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயிலே படியும் தூசையும் சளியையும் வெளியேற்றும். பல மணி நேரம் தலையை உயர்த்தியே நின்றால் நுரையீரற் காய்ச்சல் பற்றிக்கொள்ளும்.

ஒரு தை மாதத்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். லொறியின் முன்னே ஐயாவும் சாரதியும், பெரியவரோடு பேரன், பின்னே ஒரு வானில் நாம், தண்ணீர்ப் பீப்பாய்கள், புல் மூட்டைகளுடன். அத்தனை நாளும் குதிரையைப் பராமரித்த முதியவர் லாயத்து வாயிலிலே நின்று, "பைய ஓட்டுங்கய்யா, அவருக்கு எறக்கம் புடிக்காது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் எம்மோடு வரவில்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு.

நானுஓயா, தலவாக்கலை வழியே வருகையிற் பொழுது புலர்ந்தது. சென்கிளேயர் அருவியின் வெண்மை முதலில் தெரிந்தது. பின்பு டெவன் அருவி. ஹற்றனைத் தாண்டிக் கினிகத்தேனையிலிருந்து இறங்கும் வளைவுகளிலே எம் வாகனம் நடைவேகத்துக்கு மேற் செல்லவில்லை. சாரதி தடையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் குதிரை தன் நான்கு கால்களையும் ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு அது பயணமன்று, ஓயாத உழைப்பு. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனியாகி வரும் கித்துல்கலையிலே ஒரு மணி நேரம் நின்றோம். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத்துப் படத்தை எடுத்த இடம் என்று அங்கே பெருமையோடு காட்டுவார்கள். பெரியவருக்கு அதிலே ஈடுபாடு இல்லை. நுவரெலியாத் தண்ணீரை மட்டும் குடித்தார்.

இந்த ஆறுதான் ஹெந்தளைக்கு அருகே கடலிற் கலக்கின்றது என்பது அப்போதே எம் நினைவுக்கு வந்தது. மலையிலிருந்து கடல்வரை அதன் கரையை ஒட்டியே வந்திருக்கிறோம்.

அவிசாவளைக்கு அருகே லொறியின் சக்கரம் வெடித்தது. அங்கே வெப்பம் சொல்லி முடியாது. மாற்றுச் சக்கரம் பூட்டி முடிய நண்பகல் கடந்துவிட்டது. நுவரெலியாவிலே 6,000 அடிக்கு மேல், பனிக்காற்றில் வளர்ந்த மயிர் அடர்ந்த உடம்பு. நாசித் துவாரங்கள் விரிந்து, விலா துருத்திபோல் எழுந்து எழுந்து அடங்கிற்று. பேரன் குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தான். வியர்வை குறைவு. அவன் முகம் கறுத்தது. குளிர்நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்கு வரும் குதிரைகள் சில வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுவதுண்டு. பிரித்தானியர் காலத்திலேயே அறியப்பட்ட குறை இது. வியர்க்காத குதிரை உள்ளே வெந்துபோகும். வாளி வாளியாக நீர் மொண்டு வந்து ஊற்றினோம், வழித்தோம், மீண்டும் ஊற்றினோம். தெருவிலே போனவர்களும் வாளி எடுத்து வந்தனர். ஒருவர் கடைக்கு விழுந்த தம் தென்னங்கிடுகு நிழலுக்குள்ளேயே குதிரையை நிறுத்தச் சொன்னார். மூன்று மணியளவில் மூச்சுத் தணிந்தது. ஐயா அத்தனை நேரமும் அதன் தலையைத் தம் தோளிலே தாங்கி நின்றார். எம்மோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஹங்வெல்லை, கடுவலை, பேலியகொடை என வந்து, இருட்டிய பின்னரே ஹெந்தளை சேர்ந்தோம். சுமார் 170 கிலோமீற்றர் தூரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம்.

வந்து சேர்ந்ததோடு முடிந்ததென்று எண்ணினோம். எமது அறியாமை அது. குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. குடலிலே ஏற்படும் சிறு கோளாறும் உயிருக்கு உலை வைக்கும். புல் மாறினால் அப்புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் மாறவேண்டும். ஆகையால் மலைநாட்டு உலர்புல்லையும் இவ்வூர்ப் புல்லையும் கலந்து, பத்து நாட்களிலே படிப்படியாக விகிதத்தை மாற்றினார்கள். வத்தளைத் தண்ணீரை முகர்ந்து பார்த்து விலகியது. கருப்பட்டிப் பாகு சிறிது கலந்த பின்னரே வாய் வைத்தது. மணல் இன்னொரு பகை. தரையிலே மேயும் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும். அது குடலிலே சேர்ந்து வயிற்றுவலி உண்டாக்கும். இதற்கெனச் சீமெந்துத் தளம் போட்டு அதன்மேலே தீனி வைத்தனர். பேரன் சாணத்தை ஒரு கண்ணாடிக் குவளை நீரிலே கரைத்து வைத்து, அடியிலே மணல் படிகிறதா என்று பார்ப்பான். அக்குவளையைச் சமையலறையிலே வைக்கலாகாது என்று அவன் தாயார் சண்டை பிடித்ததும் உண்டு.

இவையெல்லாம் சரியான பின்னரும் ஒன்று சரிவரவில்லை. பெரியவர் படுக்கவில்லை. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும். அதற்கேற்றவாறே அதன் கால்களின் மூட்டுகள் அமைந்துள்ளன. ஆழ்ந்த உறக்கத்துக்கோ படுத்தே ஆகவேண்டும். படுத்த குதிரை உடனே எழுந்து ஓடமுடியாது. ஆகவே நம்பிக்கையற்ற இடத்திலே அது படுப்பதில்லை. இரவு முழுதும் மேற்கே கடலோசையை நோக்கிக் காதை நிமிர்த்தி நின்றது. ஐயாவும் தாழ்வாரத்திலே சாக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தார். "மாமா, உள்ளே வந்து படுங்கள்" என்று மருமகன் அழைத்தால், "பரவாயில்லை" என்பார். மலைநாட்டிலிருந்து கொணர்ந்த அவரது தகரப் பெட்டி, கயிறும் அவிழ்க்கப்படாமற் கூடத்து மூலையிலே கிடந்தது. அவரது மகள் எம்மிடம் வந்து, "இருவரையும் கொண்டுவந்து தவறு செய்துவிட்டேனோ?" என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை. எம் பாட்டியாரை நினைத்துக்கொண்டோம்.

எட்டாம் நாள் பேரன் பள்ளியாவத்தைப் பக்கத்திலே ஒரு கிழ ஆட்டை வாங்கி வந்து லாயத்திலே கட்டினான். குதிரை மந்தையாக வாழும் விலங்கு. துணைக்குக் குதிரை இல்லையேல் ஆடும் போதும் என்றான். பெரியவர் முதலிலே முறைத்தார். ஆடு எதையும் பொருட்படுத்தாது அவர் காலடியிலேயே படுத்து அசைபோட்டது.

பன்னிரண்டாம் நாள் விடியுமுன் எம் வீட்டுப் படலையைத் தட்டும் ஓசை கேட்டது. ஐயா நின்றார். வாயிலே விரலை வைத்துச் சைகை காட்டி எம்மை அழைத்துச் சென்றார். பெரியவர் எழுந்துதான் நின்றிருந்தார். ஆனால் அவரது இடது விலா முழுதும், கழுத்திலும் கன்னத்திலும், வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம், தம்பி" என்றார் ஐயா. "குறட்டைகூட விட்டான்."

அன்று மாலை நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது கூடத்து மூலையிலே பெட்டி திறந்திருந்தது. ஐயா தம் கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, இனி இவை எதற்கு என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.