தாராவுக்கு எத்தனை அடி தண்ணி?

நாமக்கல் மாவட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆஞ்சநேயர், லாரி, முட்டை. கோழிக்கு இவ்வளவு மரியாதை தருகிற சீமைக்குப் போய் 'வாத்து பார்க்கப் போறேன்' என்றால் யார்தான் நம்புவார்கள்? பக்கத்து சீட்டு நண்பர், "பார்க்கவா, ரோஸ்ட் பண்ணவா?" என்று கேட்டார். பார்க்கத்தான் என்றேன். நம்பவில்லை. நம்பாத காரணத்தாலேயே கூடவும் வந்துவிட்டார்.

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாக வெண்ணந்தூர் பஸ். ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்காமல் தாண்டினால் பாவம் சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முறுக்கு தீர்வதற்குள் வெண்ணந்தூர் வந்துவிடும். ஊருக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். ஒரு பக்கம் அலவாய் மலை. இன்னொரு பக்கம் ஏரி.

ஜனவரி மாத ஞாயிறு, காலை ஏழு மணி. ஏரிக்கரையில் ஏறி நின்றோம். மதகு பக்கம் நல்ல ஆழம். இரண்டு நீர்க்காகங்கள் இறக்கையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தன. முக்குளிப்பான் ஒன்று முங்கிய இடத்தில் எழாமல் எங்கேயோ போய் எழுந்தது. வாத்து? மருந்துக்குக்கூட இல்லை. நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் பஸ் டிக்கெட் காசு தெரிந்தது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர்தான் காப்பாற்றினார்.

"ஏனுங் தம்பி, தாராவா தேடறீங்க? கரைமேல நின்னா எப்படிங்க தெரியும்? இங்க ரெண்டு ஆள் தண்ணி. அதுக்கு இங்க என்னங்க வேலை? உள்வாய்ப் பக்கம் போய்ப் பாருங்க, முழங்கால் தண்ணியில கெடக்கும்."

சுற்றிக்கொண்டு போனோம். மழைத் தண்ணீர் ஏரிக்குள் நுழைகிற அந்தக் கோடியில் நிலம் தட்டையாக, மெதுவாகச் சரிகிறது. அங்கே முப்பது நாற்பது இருக்கும்! அலகு நுனியில் மஞ்சள் தீட்டிய புள்ளிமூக்கு வாத்துகள். கூடவே சிறிய சிறகிகள் ஒரு கூட்டம். எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை ஆகாசத்துக்குக் காட்டிக்கொண்டு... கல்யாணப் பந்தியில் முதல் வரிசை மாதிரி மும்முரம்!

விஷயம் ரொம்ப எளிமையானது. இந்த ரக வாத்துகள் முங்கி நீந்தி இரை பிடிப்பவை அல்ல. கழுத்து எட்டுகிற தூரம்தான் அவற்றின் சாப்பாட்டு மேஜை. ஏறக்குறைய ஒரு அடி. அதற்குமேல் ஆழம் போனால் அடியில் விருந்தே இருந்தாலும் எட்டாது.

விருந்து எங்கிருந்து வருகிறது? கோடையில் ஏரி வற்றும்போது சேற்றில் கோரையும் புல்லும் முளைத்து விதை உதிர்க்கின்றன. மழையில் அது முழுகி ஊறுகிறது. பூச்சி புழுக்கள் பெருகுகின்றன. பிறகு தண்ணீர் மெல்ல இறங்க இறங்க, தினம் ஒரு புது விளிம்பு, தினம் ஒரு புது இலை. ஆக, வாத்துக்கு ஏரி நிரம்பவும் வேண்டும், வற்றவும் வேண்டும். வருஷம் பூரா தளும்பி நின்றாலும் பட்டினிதான்!

இதை யார் முதலில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? விஞ்ஞானி இல்லை சார், வேட்டைக்காரன்!

"எங்கப்பன் காலத்துல துப்பாக்கி வெச்சிருந்தவங்க ஏரி கோடி போற அன்னிக்கு வரவே மாட்டாங்க" என்றார் பெரியவர். "தண்ணி பரந்து கெடக்கும், பறவையும் பரந்து கெடக்கும். குண்டு எட்டாதுங்க. தை மாசம் தண்ணி சுருங்கும். அப்ப எல்லாம் ஒரே எடத்துல கூடும். அதுதான் சீசன்."

உலகம் பூரா இதே கணக்குதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வறட்சி கடுமையான 1995, 2003, 2007, 2008 ஆண்டுகளில் வாத்து வேட்டை சீசனையே ரத்து செய்தார்கள். குட்டை சுருங்கி, மிச்சமிருக்கிற பறவைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது சுட்டால் அடுத்த வருஷத்துக்கு முட்டையிட ஆள் இருக்காதே!

நம்ம ராஜஸ்தானின் பரத்பூரில் மகாராஜாக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அஜான் அணைக்கரையிலிருந்து தண்ணீர் திருப்பி, ஆழமில்லாத சதுப்பாக வைத்து, வாத்துகளை விருந்துக்கு அழைத்தார்கள். விருந்து யாருக்கு என்பதுதான் வேறு விஷயம். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் காலி!

நம்மூர்க்காரர்கள் வேறு மாதிரி. வேடந்தாங்கலில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு ஓசி உரம். அன்பும் இருந்தது, கணக்கும் இருந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சிறிய பிராணிகளைச் சுட லைசென்ஸ் உண்டு. 1991 திருத்தத்தில் அந்தக் கதவும் மூடியது. இன்று காட்டு வாத்தைச் சுட்டால், வலை வைத்தால், மூன்று ஆண்டு வரை ஜெயில், லட்ச ரூபாய் வரை அபராதம். ஏர்கன் வாங்கி ஞாயிற்றுக்கிழமை 'சும்மா ரெண்டு' என்று கிளம்பும் நண்பர்கள் யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் மேஜையில் வையுங்கள்.

"அதான் துப்பாக்கி போச்சே, அப்புறம் என்ன கவலை?" என்றார் நண்பர்.

கவலை இருக்கிறது. பரத்பூர் 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வேட்டை இல்லை, காவல் உண்டு. ஆனால் 2000-களின் நடுவில் பாஞ்சனா அணைத் தண்ணீர் வராமல் போனதும் சதுப்பு காய்ந்தது, பறவைகள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. துப்பாக்கியை நிறுத்த ஒரு சட்டம் போதும். தண்ணீரை வரவழைக்க அது போதாது.

நம்ம பக்கத்து ஏரிகளுக்கும் இதே சிக்கல். தூர் வாருவது நல்லதுதான். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்கவே முடியாது. ஆனால் மண் அள்ளுகிற அவசரத்தில் உள்வாயையும் சேர்த்துக் கிணறு மாதிரி செங்குத்தாகத் தோண்டிவிட்டால், ஏரியில் தண்ணீர் நிற்கும், தாரா நிற்காது. தொட்டியில் யாராவது இலை போட்டுச் சாப்பிட முடியுமா? மதகு பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழப்படுத்துங்கள். மறுகோடியில் அந்த முழங்கால் தண்ணீர்ச் சரிவை மட்டும் விட்டுவையுங்கள். பாசனத்துக்கும் நஷ்டமில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: கோடி போகிற அன்று போகாதீர்கள். ஒன்றரை மாதம் பொறுத்து, தண்ணீர் இறங்கியதும், கரையில் நிற்காமல் உள்வாய்க்குப் போங்கள். கலர் சட்டை வேண்டாம். சத்தம் வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. முறுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வழி சொல்லும் பெரியவர்களுக்கும் கொடுக்க வேண்டுமே!