கோப்புகள் தப்பிய ஊர்

ஓர் அறிவிப்பைப் படிக்குங்கால், அதை எழுதியவர் இரவில் எங்கே படுத்துறங்குகிறார் என்றும் கேட்க வேண்டும். இது கிராணி உத்தியோகத்தில் நாம் கற்ற பாடம். 1948-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் காலையில், அமெரிக்காவின் வேன்போர்ட் நகரத்தில் வீடுதோறும் கொடுக்கப்பட்ட அறிவிப்பு ஒன்று நம் மனத்தைவிட்டு அகலுவதில்லை.

வேன்போர்ட் தானாக வளர்ந்த ஊரன்று. யுத்த காலத்தில் கப்பல் கட்டிய ஹென்றி கைசர் என்னும் முதலாளி, தம் தொழிலாளருக்காக 1942-இல் ஆரெகன் மாகாணத்தில், கொலம்பியா நதி பெருகிப் பாயும் தாழ்நிலத்தில் எழுப்பிய மரவீட்டு நகரம் அது. உச்ச காலத்தில் ஏறக்குறைய 40,000 பேர் அங்கு வசித்தனர். சுற்றிலும் கரைகள். மேற்குக் கரையோ வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியதன்று. இரயில் பாதைக்காகக் கொட்டிய மண்மேடு! யுத்தம் முடிந்தபின்னும் 18,500 பேர் வரை அங்கிருந்தனர். மூன்றிலொரு பங்கினர் கறுப்பு மக்கள். பக்கத்துப் போர்ட்லந்து நகரில் ஒரு பகுதி தவிர வேறெங்கும் அவர்களுக்கு வீடு விற்பாரில்லை. மேடு மறுக்கப்பட்டவனுக்குப் பள்ளம் என்பது நம் ஜனங்கள் அறியாத நியாயமா? பங்களா எங்கே, லயம் எங்கே என்று பழைய தோட்டமொன்றைச் சுற்றிப் பார்த்தால் போதுமே.

நதி பெருகியிருந்த அன்று வீடமைப்புச் சபை கூறியதன் சாரம் இது: கரைகள் பத்திரமாயிருக்கின்றன, தேவையானால் எச்சரிப்போம், வெளியேற நேரமிருக்கும், பதற வேண்டாம். அச்சபை தன் கோப்புகளையும் தளவாடங்களையும் முன்னரே அப்புறப்படுத்திவிட்டது. அருகிலிருந்த பந்தயத் திடலின் குதிரைகளும் அகற்றப்பட்டன. கோப்புகளின் அருமை நமக்குத் தெரியாததன்று. பேரேடு நனைந்தால் கிராணியின் பாடு பெரும்பாடு. ஆயினும், பேரேட்டுக்கு வந்த அபாயம் பிள்ளைகளுக்கு வராதென்று எந்தக் கை எழுதிற்று?

ஒருமுறை ஆற்றோர லயங்களுக்கு இத்தகைய அறிவிப்பை எழுதும் வேலை நமக்கும் வந்தது. ‘பதற வேண்டாம்’ என்பதை நீக்கி, லாரி எத்தனை மணிக்கு, எவ்விடத்தில் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தோம். மானேஜர் முகஞ்சுளித்தார், பிறகு கையெழுத்திட்டார்.

வேன்போர்ட்டில் மாலை 4 மணி 17 நிமிடத்துக்கு இரயில் மேடு உடைந்தது. வீடுகள் பெயர்ந்து மிதந்தன. விடுமுறை ஞாயிறாகையால் பலர் வெளியே சென்றிருந்தனர். அப்படியிருந்தும் 15 உயிர்கள் போயின. அரசாங்கத்தின்மேல் வழக்காடியவர்கள் தோற்றனர். ஊர் மறுபடி கட்டப்படவில்லை. இன்று அந்நிலத்தில் கோல்ப் திடலும் மோட்டார் பந்தயப் பாதையும் இருக்கின்றன.