வீடே பள்ளியான பிள்ளை

பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை அறிவித்தவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் அல்லர். தாயோ, பாட்டியோ ஆவர். பகலெல்லாம் மலையாளமும் ஆங்கிலமும் பயின்று திரும்பும் பிள்ளை, இரவு உணவுக்கு முன் அரைமணி நேரம் அமர்ந்து தமிழ் எழுதிப் பழகும். கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டுவதுகூட இல்லை. குடும்ப ஜெபத்தில் வேதபுத்தகத்தை ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வழக்கமே போதும். நான் தமிழ் வாசிக்கக் கற்றது அவ்வாறுதான். நாளாகமத்தின் வம்ச வரலாற்றில் வாய்க்குள் நுழையாத பெயர்களெல்லாம் எப்படியோ என் முறையிலேயே வந்து சேரும். என் தமக்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

ஆதலால் வீட்டில் கற்பித்தல் நமக்கு அந்நியமான காரியம் அன்று. எனினும் பள்ளிக்கே அனுப்பாமல், முழுக் கல்வியையும் வீட்டிலேயே கொடுத்து ஒரு பிள்ளையை வளர்ப்பது வேறு காரியம். அந்தத் தமக்கையின் ஒரே மகள் அவ்வாறு வளர்பவள். அவளுக்கு இப்போது 14 வயது நிறைந்துவிட்டது. அவளைக் குறித்து நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் நேரில் வினவியதுண்டு. அவர்களுக்கு நடைபாதையில் நின்று சொன்ன விடை போதாது என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

அத்தான் ஒரு சிறு சபையில் ஊழியம் செய்பவர். மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் செல்பவர். மகளை மூன்றாம் வகுப்புவரை பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பின் நிறுத்திவிட்டார். “மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை ஓட ஓட விரட்டுகிற இடத்தில் தேவபயம் எங்கே வளரும்?” என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயமில்லை என்று யாரும் சொல்ல இயலாது. ஏழு வயதுக் குழந்தை மாலையில் மூன்று இடங்களுக்குத் தனிப்பாடம் படிக்க ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

முதல் இரண்டு ஆண்டு, அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென அச்சிடப்பட்ட வீட்டுக்கல்விப் புத்தகங்களை வைத்தே பாடம் நடந்தது. அந்நாட்டில் இத்தகைய கல்வி 1980-களில் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே பெருகி, 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. ஜெர்மனியிலோ பள்ளி செல்வது கட்டாயம். சமயக் காரணங் காட்டி வீட்டில் கற்பிக்க விரும்பிய பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்துவிட்டது. நம் நாடு இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கல்வியைப் பிள்ளையின் உரிமை என்கிறது. வீட்டுக்கல்வி என்ற ஒன்றுக்கு அதில் தனி இடம் வகுக்கப்படவில்லை.

அந்தப் புத்தகங்களின் வினை என்னவெனில், 1620-இல் பிளிமத்தில் கப்பலிறங்கிய பியூரிட்டன் யாத்திரிகரைப் பற்றி என் மருமகள் மணிக்கணக்கில் பேசுவாள். வேலுத்தம்பி தளவாயின் பெயரைக் கேட்டால் விழிப்பாள். கணக்குகளில் ஆப்பிள் விலை டாலரில் இருக்கும். அக்காள்தான் ஒருநாள் பொறுமையிழந்து, தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்துத் தைத்து வைத்தாள். அன்றிலிருந்து படிப்பு தரைக்கு வந்தது.

இந்தச் செய்தி ஊரில் எங்கள் பாட்டியின் காதுக்கு எட்டியபோது, அவர் கேட்டது இன்றும் என் நெஞ்சில் தைத்து நிற்கிறது. “பள்ளிக்கூடத்துக்குள்ளே விடமாட்டேன் என்றார்களே என்று அழுத காலம் போய், நம் பிள்ளையை நாமே விடாத காலம் வந்துவிட்டதோ?” என்றார் பாட்டி. அவர் ஏதும் மிகைப்படுத்தவில்லை. பாலராமபுரத்துக்கும் காட்டாக்கடைக்கும் இடையே ஊரூட்டம்பலம் என்றோர் ஊர் உளது. 1910-இல் பஞ்சமி என்னும் புலயர் குலச் சிறுமியை அய்யன்காளி அங்குள்ள அரசுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். மேல்சாதியார் அதைப் பொறாமல் கலகம் செய்து பள்ளிக்கே தீ வைத்தனர். அந்நெருப்பில் பாதி எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. தென் திருவிதாங்கூரின் கிறிஸ்தவரில் பலருக்கும், எங்கள் முன்னோருக்கும், எழுத்து வந்தது மிஷன் பள்ளிகளின் வழியாகத்தான். கோயிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் எழும்பிய வரலாறு நம்முடையது. அந்த வழியில் வந்தவர் பள்ளியை விட்டு விலகுவதென்றால், பாட்டிக்கு நெஞ்சு பதறாதா?

ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளை கெட்டுப்போகவில்லை. அவள் தமிழ் வாசிப்பதைக் கேட்க வேண்டும், ஒற்றெழுத்துகூட விழுங்கப்படாது. ஆங்கிலமும் நன்றாக வரும். வீட்டைச் சுற்றியுள்ள செடி கொடிகளின் பெயர் அனைத்தும் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியைத் தேடும் பிள்ளைகளின் நடுவே, இரண்டு மணி நேரம் ஒரே புத்தகத்தோடு அமரும் பிள்ளையைக் காண்பது அரிது.

குறை வேறிடத்தில் இருந்தது. ஒருநாள் ரேஷன் கடைக்கு அவளை அனுப்பினேன். கடைக்காரர் மலையாளத்தில் கேட்ட சிறு கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல், அட்டையை நீட்டியபடியே நின்றுவிட்டுத் திரும்பிவந்தாள். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை! நம் பிள்ளைகள் மலையாளத்தை வகுப்பறையில் கற்பதைவிட, பக்கத்து இருக்கைப் பிள்ளையோடு சண்டையிட்டும் சமாதானமாகியும்தான் கற்கின்றனர். இவளுக்குப் பக்கத்து இருக்கை என்ற ஒன்றே இல்லை.

இவ்வாறு வீட்டில் கற்றோரின் பிற்காலம் என்னவாகும் என்று எண்ணும்போதெல்லாம் கிருபாபாய் சத்தியநாதனின் வாழ்க்கை என் நினைவுக்கு வரும். 1862-இல் அகமத்நகரில், பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவரான பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்தார். அவருக்குப் புத்தகங்களைக் கொடுத்து, வாசிக்கவும் சிந்திக்கவும் பழக்கியவர் அண்ணன் பாஸ்கர். அவரும் இளவயதில் மறைந்தார். பின்னர் பம்பாயில் மிஷன் விடுதிப் பள்ளி. இங்கிலாந்து சென்று மருத்துவம் பயிலும் வாய்ப்பு வந்தும் உடல்நலம் இடந்தரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1878-இல் இவர் அங்கே சேர்ந்து, முதலாண்டிலேயே பரிசுகள் பெற்றார். மீண்டும் நோய் வந்து படிப்பு நின்றது. சாமுவேல் சத்தியநாதனை மணந்து, உதகமண்டலத்தில் முஸ்லிம் சிறுமியருக்கு ஒரு பள்ளி நடத்தினார். தம் வாழ்வையே ஒட்டி ஆங்கிலத்தில் ‘சகுணா’ என்னும் நாவலை எழுதினார். அது 1887–88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் தொடராக வந்தது. 1894-இல், 32 வயதில் மறைந்தார்.

அத்தான் இவ்வரலாற்றைக் கேட்டு மகிழ்ந்தார். “பார்த்தாயா, அண்ணன் கற்பித்த பிள்ளை மருத்துவக் கல்லூரியில் பரிசு வாங்கவில்லையா?” என்றார். “வாங்கினார் அத்தான். ஆனால் வீட்டிலிருந்து நேரே கல்லூரிக்குப் போகவில்லையே, நடுவில் பம்பாய்ப் பள்ளி ஒன்று இருக்கிறதே” என்றேன். அண்ணன் கொடுத்த பற்றை எந்தப் பள்ளியும் அவருக்குக் கொடுத்திராது என்பதையும் நான் மறுக்கவில்லை.

எங்களுக்குள் உண்மையான வாதம் சான்றிதழைப் பற்றியதே. “மனிதர் கொடுக்கும் காகிதம் எதற்கு, தேவன் வழிகாட்டுவார்” என்பார் அத்தான். நானோ அந்தக் காகிதத்தால் வாழ்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வேயில் டிராக்மேனாகச் சேர்ந்து, வெயிலில் சில ஆண்டு தண்டவாளத்தோடு உழைத்தபின், இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவாகி, இன்று தைக்காட்டில் கோட்ட அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கிறேன். அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இன்றேல் என் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அலுவலகங்கள் பிள்ளையின் அறிவை நேரில் பார்ப்பதில்லை. மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் பயின்ற ஒரு பெண், கணிப்பொறி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வென்றும், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமையால் ஐ.ஐ.டி. வாசலுக்குப் போக இயலவில்லை. சென்னைக் கணிதக் கழகம் அவளை ஏற்றது. 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஏற்றது. அது ஒலிம்பியாட் பதக்கம் பெற்றவள் கதை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்கும் என்று நம்பியிருக்கலாகாது.

இச்சமயத்தில் பிள்ளையே பேசினாள். தனக்குச் செவிலியர் படிப்பு வேண்டும் என்றாள். சொல்லிவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஊழியத்தில் நோயாளிகளைக் காண அவரோடு அவள் மருத்துவமனைகளுக்குச் சென்றிருக்கிறாள். அங்கே விழுந்த விதை அது. அவர் மறுக்க இடமில்லாமற் போயிற்று.

பிறகு காரியம் விரைந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிறைந்தவரைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேர்த்துக்கொள்கிறது. முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லையெனினும், எழுதப் படிக்க இயலும் என்னும் உறுதிமொழி போதும். ஐந்து பாடங்கள்; ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு; ஐந்தாண்டுக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே அறிவியல் பாடங்களோடு முடித்தவரைச் செவிலியர் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள் ஏற்கின்றன. மருத்துவப் படிப்பில் இத்தகையோருக்கு இருந்த தடையை டில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் நீக்கியது. இத்தனையும் அச்செடுத்து அத்தானிடம் கொடுத்தேன். குமாஸ்தா வேலையில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான்.

ஆங்கிலம், தமிழ், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடங்களைக் குறித்தாள். மலையாளத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆதலால் எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுப் பெண்ணோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறாள். இவள் அவளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். அவள் இவளுக்கு மலையாளம். சென்ற வாரம் இருவருக்கும் பெருஞ்சண்டை; இரண்டு நாள் பேச்சில்லை. அக்காள் கவலைப்பட்டாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

விண்ணப்பத்தை அனுப்பிய மாலையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அறிவியல் செய்முறைக்கும் தொடர்பு வகுப்புகளுக்கும் படிப்பு மையத்துக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

“மாமா, அங்கே மற்றப் பிள்ளைகளும் வருவார்களா?”

“வருவார்கள்” என்றேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள்.