முகப்பில் நாலு பெயர்

பழைய இழைப்புளி கிடைத்ததும் பலர் தேடுவது உப்புத்தாளை. தேய்த்துப் பளபளப்பாக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். விபரீதமே அங்கேதான்.

பிரிட்டனில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பீச் மரத்தில் செய்த இழைப்புளிகளின் முன்முகப்பில் செய்தவர் பெயர் முத்திரையாக அடிக்கப்பட்டிருக்கும். பக்கத்திலேயே வாங்கிய தச்சரின் பெயர். பட்டறையில் களவு போகக்கூடாதே! கைமாறினால், அடுத்தவரும் தன் பெயரை அடித்துக்கொள்வார். ஒரே கட்டையில் மூன்று, நான்கு பெயர்கள்கூட உண்டு. அந்தத் தச்சர்களில் பலர் விட்டுப்போன எழுத்து இது ஒன்றாகவே இருக்கலாம். பிரிட்டிஷ் இழைப்புளி தயாரிப்பாளர்களை 1968இல் நூலாகத் தொகுத்த டபிள்யூ.எல். குட்மனுக்கும் இத்தகைய முத்திரைகள் முக்கியத் தடயம்.

இரும்பு அலகைப் பற்றிக் கவலையில்லை. வினிகரில் ஊறவைத்தால் துரு கழன்றுவிடும், பிறகு சாணைக்கல். அடிப்பாகம்தான் சிக்கல். கோணலை நிமிர்த்த இழைக்க இழைக்க, அலகு எட்டிப் பார்க்கும் வாய் அகலும். அகன்றால் மரம் பிசிறும். அந்தக் காலத் தச்சர்கள் வாயின் முன்னால் சின்ன மரத்துண்டைப் பதித்துச் சரிசெய்தார்கள். இன்றும் அதுதான் வழி. பதித்த துண்டு கண்ணுக்குத் தெரியும். தெரியட்டுமே.

முகப்புக்கு மட்டும் உப்புத்தாள் ஆகாது. ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணி போதும். அழுக்கு விலக விலக, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.