ஷவரும் அப்பாவின் கையும்

எங்கள் லண்டன் வீட்டில் யாராவது குசினிப் பைப்பைத் திறந்தால் ஷவர் தண்ணீர் திடீரென்று கொதிக்கும். நாங்கள் துள்ளி விலகிவிடுவோம். அம்மம்மாவால் முடியாது. ஒருநாள் அவவின் தோள் சிவந்துபோனது.

சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மிக்சர் வாங்கினேன். குழாய்களுக்கு இடையே 150 மில்லிமீட்டர்; அளந்துதான் வாங்கினேன். கொம்பி பொய்லர் என்பதால் ஸ்டாப்காக் ஒன்றை மூடினால் போதும். பழையதைக் கழற்றி, புரியில் வெள்ளை டேப் சுற்றி (முடுக்கும் திசையிலேயே சுற்றுங்கள், இல்லையென்றால் உரிந்துவிடும்) புதியதைப் பூட்டினேன். சொட்டு ஒழுக்கில்லை. ஆனால் 38 பாகையில் வைத்தாலும் சூடு நிலையாக நிற்கவில்லை.

பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் கையேட்டை மூன்று தரம் வாசித்தேன். அப்பா வந்து வால்வின் இரு முனையிலும் கை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இடப்பக்கம் எல்லோ குளிருது?"

வீட்டைக் கட்டியவர்கள் குழாய்களை மாற்றிப் பதித்திருந்தார்கள். பழைய மிக்சருக்கு அது பொருட்டில்லை. இதற்குச் சுடுநீர் இடப்பக்கம் வந்தே ஆகவேண்டும். சுவருக்குள் நான் கை வைக்கவில்லை. மறுநாள் பிளம்பர் வந்து மாற்றினார்.

அம்மம்மா குளிக்கும்போது குசினிப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, "சுடுதா?" என்று கத்தினேன்.

"இல்லையடா! பைப்பைப் பூட்டு, தண்ணி வீணாப் போகுது!"