இரண்டு அளவு பெரிசு

சிங்கப்பூரிலிருந்து கிள்ளானுக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஜொகூர்ப் பாலத்தில் நெரிசல் என்றால் ஏழு. வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை பசியாற வீட்டுக்குப் போய்விடலாம். இந்தத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஏக்கம் என்று எழுத ஆரம்பிப்பது கொஞ்சம் அதிகம்தான். கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் படித்தால் சிரிப்பார்கள். பஸ் என்னைக் கிள்ளானில் இறக்கிவிடுகிறது, 2006இல் இறக்கிவிடுவதில்லை. என் குறை அவ்வளவுதான்.

போன மாதம் இங்கே சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு துணிக்கடையில் டீ-சட்டை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். விற்கிற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழி இறங்கிய சட்டை. 'ஓவர்சைஸ்' என்று அட்டையில் போட்டு, அந்தச் சொல்லுக்கே தனியாக விலை வைத்திருந்தார்கள். புதுத்துணிக் கஞ்சி வாசனைதான் வந்தது. என் மூக்கு தேடியது பண்டல் வாசனையை.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானிலும் கொரியாவிலும் அமெரிக்காவிலும் கழித்துப்போட்ட துணிகள் அழுத்திக் கட்டிய பொதிகளாகக் கப்பலில் வரும். அதைப் பிரித்துக் கம்பியில் தொங்கவிட்டு விற்கிற கடைக்கும் பண்டல் என்று பேர், அந்தத் துணிக்கும் பண்டல் என்றுதான் பேர். எந்த நாட்டுத் துணியானாலும் வாசனை ஒன்றே. பூச்சி மருந்தும் ஈரச் சாக்கும் மூடியே கிடந்த அலமாரியும் கலந்த வாசனை. பத்துத் தடவை துவைத்துப் போக்கினாலும், ஒரு மழையில் நனைந்தால் திரும்பி வந்து நிற்கும்.

அம்மா அதற்கு வேறு பேர் வைத்திருந்தார். "செத்தவன் துணிடா இது. எந்த ஊர்ல எவன் போட்டுட்டுச் செத்தானோ." வாசலிலேயே வாங்கி, டெட்டால் ஊற்றின வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போடுவார். மறுநாள் வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் வேலிக்கம்பியில் தனியாகக் காயும். அப்படி வேலியில் தீட்டுக் கழிந்து வந்ததுதான் என் முதல் ஜெர்சி. பிலடெல்பியா செவன்ட்டிசிக்சர்ஸ், எண் 3, ஆலன் ஐவர்சன். கோலாலம்பூர் சௌக்கிட்டில் பன்னிரண்டு வெள்ளி. நான் கூடைப்பந்து ஆடியதில்லை. ஐவர்சன் ஆடியதையும் முழுதாக ஓர் ஆட்டம் பார்த்ததில்லை. ஆனால் அவர் தலைப் பின்னலும் கைப் பச்சையும் முட்டி தாண்டித் தொங்கும் கால்சட்டையும் எங்களுக்கு மனப்பாடம்.

அம்மாவுக்கு என் மேல் இருந்த கோபம் சுத்தம் பற்றியது மட்டும் இல்லை. அவர் வீட்டில் தையல் எடுப்பவர். அப்போது ஜனவரியில்தான் பள்ளி திறக்கும். டிசம்பர் முழுக்க எங்கள் வீட்டில் மிஷின் ஓயாது. அண்ணன் சிலுவாரைத் தம்பிக்குப் பிடித்துக் கொடுப்பது, அக்காவின் பினாஃபோரைத் தங்கைக்குச் சுருக்குவது என்று தாமான் என்கிற எங்கள் குடியிருப்பே அவரிடம் வரும். எனக்கு மூத்தவர்கள் இரண்டு பேர். பதினாறு வயது வரைக்கும் என் இடுப்புக்கென்று வெட்டின சிலுவார் ஒன்றை நான் போட்டதில்லை. எல்லாம் பின்பக்கம் பிடித்து, கீழே மடித்து அடித்தவை. அந்த அம்மாவிடம் போய், பகுதிநேர வேலையின் முதல் சம்பளத்தில், இரண்டு அளவு பெரிய ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்கி வந்து நீட்டினேன்.

"பிடிச்சுத் தரவா?"

"வேணாம்மா. இப்படித்தான் போடணும்."

அவர் ஜீன்ஸைத் தூக்கி விரித்துப் பார்த்தார். "இதுக்காடா இத்தன வருசம் கண்ணு பொசுங்கத் தச்சேன்?"

அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதில் ஒன்று பிற்பாடு கிடைத்தது. எங்கள் தொளதொள உடை ஹிப்ஹாப்பிலிருந்து வந்தது. அந்த ஹிப்ஹாப்புக்குப் பிறந்தநாள் என்று சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்து அது. இசைத்தட்டு சுழற்றியவர் டீஜே கூல் ஹெர்க். ஏற்பாடு செய்தவர் அவர் தங்கை சிண்டி கேம்பல். பள்ளி திறக்கும் முன்பு புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்கத்தான் அவர் அந்த விருந்தை வைத்தார். பெண்பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், பையன்களுக்கு 50. பாட்டு முதலில் வந்ததா உடை முதலில் வந்ததா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பள்ளித் துணி என்று ஆரம்பித்திருந்தால் அம்மா ஒருவேளை இறங்கி வந்திருப்பார்.

சனிக்கிழமைகளில் நண்பர்கள் நாலு பேர் கமூட்டர் ரயிலில் கோலாலம்பூர் போவோம். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா என்று ரயில் நின்று நின்று போகும். அங்காசாபுரி வரும்போது ஒருவன் எழுந்து நின்று, எட்டத் தெரிகிற வானொலிக் கட்டடத்துக்கு சலாம் வைப்பான். எங்கள் பாட்டு ஒருநாள் அதற்குள்ளேயிருந்து வரும் என்று அர்த்தம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கமாக நடந்து மோனோரயில். தொப்பிக்கும் சப்பாத்துக்கும் சுங்கை வாங் பேரங்காடி, துணிக்குச் சௌக்கிட். சுங்கை வாங்கில் பெரும்பாலும் பார்ப்பதோடு சரி. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் '05' போட்ட போலி ஃபுபு சட்டை கிடைக்கும். 1992இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் தொடங்கிய கம்பெனி அது. 'நமக்காக, நம்மால்' என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வைத்த பேர். யாரோ யாருக்காகவோ தைத்த போலியை நாங்கள் நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

திரும்பும்போது பசார் செனி பக்கம் ஆற்றுச் சுவர் ஓவியங்களைப் பார்க்க நிற்போம். ஸ்பிரே டின்னால் எழுதிய எழுத்துகள், எழுத்து என்றே தெரியாத அளவுக்கு ஊதிப் பெருத்திருக்கும். கீழே ஓடுவது கிள்ளான் ஆறு. அது அங்கேயிருந்து எங்கள் ஊருக்கு வந்துதான் கடலில் விழுகிறது. "நம்ம ஆத்துலதான்டா வரஞ்சிருக்கானுங்க" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. தண்ணீர் தே தாரிக் டீயின் நிறத்தில் இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேரங்காடிகளில் எங்களுக்குப் பின்னாலேயே ஒரு காவலாளி நடந்து வருவார். ஒன்றில், ஜீன்ஸ் பையைத் தட்டிக்கூடப் பார்த்தார்கள். அந்தப் பையில் ஒரு கோழியைப் போட்டாலும் தெரியாது என்பது வேறு விஷயம். 2005 அக்டோபரில் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமே ஆட்டக்காரர்களுக்கு உடை விதி கொண்டுவந்துவிட்டது. அணி வேலையாக வரும்போது ஜெர்சி கூடாது, தொப்பி கூடாது, சட்டைக்கு மேல் சங்கிலி தொங்கக் கூடாது. ஐவர்சனுக்கே அந்தக் கதி என்றால் எங்களுக்குக் காவலாளி வந்தது பெரிசில்லை. அன்றைக்கு இதை ஒருவகைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டோம். இப்போது யோசித்தால், அந்தக் காவலாளியும் எங்கள் நிறம்தான் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

நாலு பேரில் ஒருவனை லோரி என்று கூப்பிடுவோம். அப்பா லோரி ஓட்டுநர். ராப் எழுதுகிறவன் அவன்தான். மற்ற மூவரும் தலையாட்டுகிறவர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன எங்களுக்கு ஆங்கிலம் ஏறுவதற்குள் பள்ளியே முடிந்துவிட்டது. ஆகவே லோரி முதலில் எழுதியது ஆங்கிலம் மாதிரியான ஒன்று. பாதிக்கு மேல் வெறும் ஓசை. பொயட்டிக் அம்மோ என்ற மலேசியக் குழுவினர் 1998லேயே ஆங்கிலம், மலாய், கன்டனீஸ், தமிழ் என்று நாலு மொழியில் ராப் செய்துவிட்டார்கள். அவர்கள் ஒலிநாடா அண்ணனிடம் இருந்தது. ஆனால் தமிழிலேயே முழு ஆல்பம் என்று எங்கள் கைக்கு வந்தது 2006இல், யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரின் 'வல்லவன்'.

கேட்ட அன்று லோரி பேசவே இல்லை. மறுநாள் நோட்டோடு வந்தான். தமிழில் வரிக் கடைசி ஒத்துப்போவது பெரிய காரியம் இல்லை என்று கண்டுபிடித்திருந்தான். வந்தேன், நின்றேன், போனேன் என்று வினைச்சொல் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அது சோம்பேறி ராப். வரியின் தலையில் எதுகை வைத்து, நடுவில் மோனை தூவி, கடைசியை வேண்டுமென்றே உடைத்தால்தான் அடி விழும். ஆறாம் ஆண்டில் ஆசிரியர் பிரம்போடு சொல்லிக்கொடுத்த எதுகை மோனை இத்தனை நாள் கழித்து வேலைக்கு வந்தது. ரயிலில் எதிர் இருக்கை மலாய்ப் பாட்டி முறைக்க முறைக்க, கம்பியில் தாளம் போட்டபடி அவன் சொல்லிக் காட்டுவான். அவன் வரிகள் எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. கம்பியில் தட்டிய தாளம் மட்டும் இருக்கிறது.

எல்லாப் பயணமும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில்தான் முடியும். ராத்திரி பதினொன்றுக்கு மேல், ரோட்டோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பந்தாட்டம். அங்கே மலாய்க்காரர், சீனர், நாங்கள் எல்லாரும் பரிமாறுகிறவரைக் கூப்பிடுவது ஒரே சொல்லால், 'அண்ணே'. ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழ் தெரியாதவர்கள் இத்தனை பேர் தினமும் வாய் நிறையச் சொல்லும் இடம் வேறு எங்கேயாவது இருக்கிறதா, எனக்குத் தெரியாது.

ரொட்டி சானாய் போடுகிறவர் மாவு உருண்டையை எண்ணெய்க் கல்லில் தட்டி, வீசி வீசி, மறுபக்கம் தெரிகிற மெல்லிசுக்குக் கொண்டுவந்து மடிப்பார். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கைகளாலும் ஓரத்தை நெருக்கி ஓர் அடி. அதில்தான் அடுக்குகள் பிரியும். நாங்கள் 'பஞ்சிர்' என்போம். மலாயில் வெள்ளம். ரொட்டியைக் கிள்ளிப் போட்டு, மேலே பருப்பும் மீன் குழம்பும் முங்க முங்க ஊற்றித் தருவார்கள். ஓரம் இன்னும் மொறுமொறுப்பு, நடு ஊறிவிட்டிருக்கும். அந்த இடைவெளி இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் சாப்பிட வேண்டும், பேசக் கூடாது. காசு கூட இருந்தால் மேகி கோரெங், பிழிந்துகொள்ளக் கஸ்தூரி எலுமிச்சையோடு. இல்லையென்றால் நாலு பேருக்கு இரண்டு தே தாரிக், நாலு மணி நேரம். எழுந்து போங்கள் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

பரிமாறிய அண்ணன் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். ஒருநாள் லோரியின் வாக்மேன் போனில் 'மடை திறந்து' ஓடிக்கொண்டிருந்தது. 'நிழல்கள்' படத்தில் 1980இல் இளையராஜா போட்டு எஸ்.பி.பி. பாடியதை 'வல்லவன்' குழு எடுத்து ராப்பாகச் செய்தது. அண்ணன் தட்டோடு நின்றுவிட்டார்.

"என்னய்யா, ராஜா பாட்ட இப்படிக் கொத்திப் போட்டுட்டானுங்க?"

"கொத்துப் பரோட்டா மாதிரிதாண்ணே" என்றான் லோரி.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல் வந்தது. மேசை துடைக்க வந்தவர் ரகசியம் மாதிரிக் குனிந்து சொன்னார்: "உங்க ஊர்க்காரன் எங்க ஊருப் படத்துல பாடிட்டான்யா." அன்றைக்கு பஞ்சிரில் குழம்பு தட்டு விளிம்பைத் தாண்டி வழிந்தது.

இங்கே சிங்கப்பூரில் அதே மாவுக்கு பிராட்டா என்று பேர். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். முதல் வாரம் பழக்கத்தில் 'பஞ்சிர்' என்றேன். கடைக்காரர் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, "தொட்டுக்கங்க தம்பி" என்றார். மரியாதையான மனிதர். நானும் தொட்டுக்கொண்டேன். இப்போது கழுத்தில் அலுவலக அட்டை, உடம்புக்குச் சரியாக வெட்டின சட்டை. உட்லண்ட்ஸ் கடையில் என் பின்னால் யாரும் நடந்து வரவில்லை. அந்த ஓவர்சைஸ் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டினேன். பெரிய துணிக்குள் நாங்கள் ஒளிந்திருந்தோமா, வளர்ந்து நிரப்பலாம் என்று நினைத்திருந்தோமா, தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நிரம்பித்தான் இருந்தது, முக்கியமாக வயிற்றுப் பக்கம்.

தீபாவளிக்குப் போயிருந்தபோது லோரியைப் பார்த்தேன். அப்பாவின் லோரியை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். பேரை முன்கூட்டியே வைத்துவிட்டோம் போலிருக்கிறது. மகளின் டியூஷன் செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். விரல் இரண்டும் தே தாரிக் கிளாஸின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பான்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் ஜெர்சியைத் தேடினேன். இல்லை. கூடத்தில் அக்கா மகன் ஓடிக்கொண்டிருந்தான், ஆறு வயது. அவன் உடம்பில் இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து, தோளைச் சுருக்கி, கீழே மடித்து அடித்திருந்தது. தைத்த கை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு கச்சிதம். எண் 3இன் ஒரு வளைவு தையலுக்குள் போயிருந்தது.

"பிள்ளைக்கு அளவா இருக்கில்ல?" என்றார் அம்மா.

"இருக்கு. வெட்டின மிச்சத் துணி எங்கம்மா?"

"அடுப்பு மேடையில கெடக்கு பாரு. தொடைக்க நல்லா இருக்கு."

எடுத்து முகர்ந்தேன். மஞ்சளும் எண்ணெயும், அதற்கு அடியில் எங்கேயோ டெட்டால்.