மிளகுத் தண்ணீர்

நம்முடைய மிளகுத் தண்ணீர் கப்பலேறிப் போய் வெள்ளைக்காரர் வீட்டில் 'முல்லிகட்டானி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. போன இடத்தில் மாமிசமும் காய்கறியும் சேர்ந்து சதை போட்டுவிட்டது. பிறகு அதைத் தகர டப்பாவிலும் அடைத்தார்கள். 1897-இல் அமெரிக்காவில் காம்ப்பெல் கம்பெனியைச் சேர்ந்த டாரன்ஸ் என்ற ரசாயன நிபுணர், ஸூப்பில் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக அடைக்க வழி கண்டார். வாங்குகிறவர் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினால் போதும். சமையல் தெரியாதவர்கள் பிழைத்தார்கள்!

திருவண்ணாமலையில் எனக்குப் பிடித்த ஸூப்கள் தெருவில்தான் இருக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தூதுவளை, முடக்கத்தான், வாழைத்தண்டு என்று ஆவி பறக்கும். முடவாட்டுக்கால் என்று ஒரு கிழங்கு. கொல்லிமலைச் சரக்கு. ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் போர்த்திருக்கும். சுத்த சைவர்கள் பார்த்தவுடன் பின்வாங்குவார்கள். குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். வெளிநாட்டு மகன் வரும்போதெல்லாம் அலமாரி நிறைய டப்பா ஸூப் அடுக்கிவிட்டுப் போவான். பாவம், அவனால் முடிந்தது அது. ஒரு ஜுரத்தின்போது என் மனைவி மிளகு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு ஒரு கல் கூடிப்போச்சும்மா" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவிடம் யார் குறை சொல்ல முடியும்? உப்புக் கூடிற்று என்று சொல்ல, எதிரே ஒரு மனுஷர் நிற்க வேண்டுமே!

அன்று முதல் கிண்ணம் தினமும் போகிறது. குறையும் தவறாமல் வருகிறது.